செப்புக் காசின் வகைகள்: சிவராயி முதல் ஓட்டைக் காலணா வரை

காசு என்ற சொல்லை வெளியுலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாம். தென்னாட்டுச் சிறு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த 'கேஷ்' என்ற பெயர், போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போன நம்முடைய காசுதான். (ரொக்கம் என்ற பொருளில் வரும் 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஒலி ஒன்றானது தற்செயல்.) சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயங்களில் பத்து கேஷ், இருபது கேஷ் என்றே பொறித்தார்கள். அவற்றில் பெரிய சரக்கு ஒன்று 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலோடு 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் முழுகிப் போயிற்று. 1980களில் கடலடியிலிருந்து அள்ளி எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் கீரைக்கும் கத்தரிக்காய்க்கும் கை மாறியிருக்க வேண்டிய காசு, இன்று பல தேசத்துச் சேகரிப்பாளர்களின் அட்டை உறைக்குள் இருக்கிறது.

பொன் நாணயத்தையும் வெள்ளி ரூபாயையும் பற்றி எழுத ஆள் உண்டு. செப்புக் காசைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. புனேயில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ஊரிலிருந்து கொண்டு வந்த தாத்தா பாட்டி காசுகள் பூஜை அலமாரியிலோ பழைய ஓவல்டின் டப்பாவிலோ கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை என்னவென்று தெரியாது. வீடு மாற்றும்போது பழைய பித்தளையோடு பித்தளையாக எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் காசுகளை எப்படிப் பார்ப்பது, ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு காசுக்குள் என்ன வேறுபாடு, அந்த வேறுபாட்டினால் என்ன பிரயோஜனம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

காலணா கணக்கு

இளையவர்களுக்காக முதலில் வாய்ப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்கு நாலு காலணா, அதாவது நாலு பைசா. அதே அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஆக ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு 'நயா பைசா' என்று மாறியது. 1964 ஜூன் 1 முதல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. 2011 ஜூன் 30க்குப் பிறகு 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் செல்லாது என்று அறிவித்தார்கள்.

'காலணாவுக்குப் பிரயோஜனமில்லை' என்று இன்றும் திட்டுகிறோம். காசு போய்விட்டது, திட்டு மட்டும் நிற்கிறது. துட்டு என்ற சொல்லும் டச்சுக்காரர்களின் செப்புக் காசின் பெயரிலிருந்து வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. கையில் புழங்கிய சின்னக் காசுதான் பேச்சிலே தங்குகிறது.

புனேயின் காசு: சிவராயி

நாம் பிழைக்க வந்த இந்த மண்ணுக்கு ஒரு செப்புக் காசு உண்டு. அதன் பெயர் சிவராயி. சிவாஜி மகாராஜா 1674 ஜூன் 6 அன்று ராய்கட் கோட்டையில் முடிசூடினார். அப்போது அவர் பொன்னில் 'ஹோன்' என்ற நாணயமும் செம்பில் சிவராயியும் வெளியிட்டார். ஒரு பக்கம் மூன்று வரியில் 'ஸ்ரீ / ராஜா / சிவ' என்றும், மறுபக்கம் இரண்டு வரியில் 'சத்ர / பதி' என்றும் நாகரி எழுத்து இருக்கும். சுற்றிலும் முத்துக் கோத்தது போலப் புள்ளி வரிசை. அந்நாளில் வடக்கேயும் தக்காணத்திலும் பெரும்பாலான நாணயங்களில் பாரசீக எழுத்தே இருந்தது. அந்த நிலையில், சாதாரணக் குடியானவன் கையில் புழங்கும் காசில் நாகரி எழுத்தைப் போட்டது ஓர் அரசியல் அறிவிப்பு என்றே கொள்ள வேண்டும்.

நமக்கும் இதில் உறவு உண்டு. சிவாஜியின் தம்பி முறையான ஏகோஜி (வெங்காஜி) தஞ்சையைப் பிடித்த பிறகு, 1855 வரை அங்கே அந்த வம்சத்தார் இருந்தார்கள். புனேக்கும் காவேரிக் கரைக்கும் போக்குவரத்து நாம் ரயில் ஏறி வருவதற்கு மிக முன்பே தொடங்கிவிட்டது.

சிவாஜி 1680இல் மறைந்தார். ஆனால் அவர் பெயரிட்ட காசு நிற்கவில்லை. பின்வந்த சத்ரபதிகள் காலத்திலும், பேஷ்வாக்கள் காலத்திலும், 1818இல் புனே கம்பெனி வசமான பிறகும் சில காலம் அதே 'ராஜா சிவ' பெயரில் காசு அடித்தார்கள். கடைசியாக வந்தவற்றில் 'சத்ர' என்பதற்கும் 'பதி' என்பதற்கும் நடுவில் இரண்டு கோடுகள் கிழித்திருக்கும். அதனால் அதற்குத் 'துதாண்டி' சிவராயி என்று பெயர். இரட்டைக் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை நூற்றாண்டு ஒரே பெயரில் ஓடிய காசு இது. ஆகவே கையிலிருக்கும் சிவராயி சிவாஜி கையால் வெளியிட்டதா, பேஷ்வா காலத்ததா, கம்பெனி காலத்ததா என்பதைப் பெயரைப் படித்துச் சொல்ல முடியாது. உள்வகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே பெயர், பல எழுத்து

உள்வகை எப்படி உண்டாகிறது? செம்பைத் துண்டு போட்டு, தட்டி வட்டமாக்கி, கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு வைத்துச் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அவ்வளவுதான் அக்கசாலை. அச்சில் எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வெட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான அடி வாங்கினால் அச்சு விரிசல் விடும், தேயும். உடனே வேறொன்று வெட்டுவார்கள். புது அச்சு பழைய அச்சு போல அப்படியே இருக்குமா? இருக்காது. ஓர் எழுத்து தள்ளி நிற்கும், ஒரு புள்ளி கூடும். அச்சு பெரிதாகவும் துண்டு சிறிதாகவும் இருந்தால் பாதி எழுத்து காசுக்கு வெளியே போய்விடும்.

மராட்டியர் ஆட்சியில் காசு அடிக்கும் உரிமையைத் தனியாருக்குக் கட்டணத்தின் பேரில் விடும் வழக்கம் இருந்தது. ஊருக்கு ஊர் அக்கசாலை. ஒவ்வொரு ஊர்த் தட்டானும் தன் காதில் விழுந்தபடி எழுதினான். அதனால் 'சிவ' என்று குறிலாக எழுதியதும் உண்டு. 'சீவ' என்று நெடிலாக்கியதும் உண்டு. சகரத்துக்குப் பதிலாக ஸகரம் போட்டு 'ஸிவ', 'ஸீவ' என்று வந்ததும் உண்டு. 'பதி' சிலவற்றில் 'பதீ' ஆகும். சில காசுகளில் எழுத்துக்கு நடுவே சூரியன், பிறை, திரிசூலம், இலை போன்ற சின்னங்கள் இருக்கும். எடையும் மாறும். பழையவை 11 முதல் 13 கிராம் வரை நிற்கும். பின்னால் வந்தவை வரவர இளைத்துப் போகும். கனமாகவும் எழுத்துச் சுத்தமாகவும் முத்து வரிசை ஒழுங்காகவும் உள்ளவையே முற்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதைப் பிழை என்று தள்ளிவிடலாமா? கூடாது. எந்த ஊரில், எந்தத் தலைமுறையில், எப்படிப்பட்ட கையால் அடித்த காசு என்பதற்கு அந்தக் குறில் நெடில்தான் சாட்சி. கணக்குப் புத்தகம் அழிந்து போகலாம். செம்பில் விழுந்த எழுத்து அழியாது.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. சங்க காலத் தமிழ் மன்னர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்று வெகுநாள் சந்தேகப்பட்டார்கள். தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021), 1980களில் ஒரு சதுரச் செப்புக் காசில் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் இருப்பதைப் படித்து வெளியிட்டார். பாண்டியன் பெயர் பாண்டியன் காசிலேயே கிடைத்தது. விரல் நகம் அளவு செம்பு, வரலாற்றில் ஒரு பக்கத்தையே மாற்றி எழுதியது.

இருபத்தையாயிரம் காசு பார்த்த அமெரிக்கர்

சிவராயியின் உள்வகைகளை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் யார் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஜஸ்டின் அபட் என்ற அமெரிக்கப் பாதிரியார். பம்பாயிலும் அலிபாக் பக்கத்திலும் ஊழியம் செய்தவர். பிற்காலத்தில் மகாராஷ்டிரத்துப் பக்திக் கவிஞர்களின் சரித்திரங்களை ஆங்கிலத்தில் வரிசையாகக் கொண்டு வந்தவரும் இவரே. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், சிவராயி வழக்கிலிருந்து மறைந்துகொண்டிருந்த நேரத்தில், சுமார் 25,000 சிவராயிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத்து வேறுபாடுகளைக் குறித்தார். அந்த ஆய்வு ராயல் ஏசியாட்டிக் சொஸைட்டியின் பம்பாய்க் கிளை வெளியிட்ட இதழில் வந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அப்போது சிவராயி அபூர்வமே இல்லை. கூடை கூடையாகக் கிடைத்தது. யாரும் மதிக்காத நேரத்தில் அவர் உட்கார்ந்து எண்ணினார். பிறகு அந்தக் காசுகளில் எத்தனையோ உலைக்குப் போய்க் குடமாகவும் தாம்பாளமாகவும் ஆகியிருக்கும். சாதாரணமாகக் கிடைக்கும்போதே பார்த்து எழுதி வைக்க வேண்டும். அபூர்வமான பிறகு ஏலக்காரர்தான் வருவார்.

அமெரிக்காவின் ஒரு சென்ட்

அபட் பிறந்த தேசத்தில் இதே வேலையை அவர்கள் தங்கள் காசுக்கும் செய்திருக்கிறார்கள். அமெரிக்க அரசு 1793இல் பிலடெல்பியாவில் ஒரு சென்ட் செப்புக் காசு அடிக்கத் தொடங்கியது. நம்முடைய பழைய காலணாவைவிடப் பெரிது. முதலில் வந்ததன் பின்பக்கத்தில் பதினைந்து மாநிலங்களைக் குறிக்கப் பதினைந்து வளையம் கோத்த சங்கிலி. 'சுதந்திரம் என்று முன்பக்கம் எழுதிவிட்டுப் பின்பக்கம் சங்கிலியா?' என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அதே ஆண்டிலேயே சங்கிலியை எடுத்துவிட்டு இலை மாலை போட்டார்கள். அந்தச் சங்கிலி சென்ட் மொத்தம் 36,103தான். அதிலும் முதல் அச்சில் நாட்டின் பெயரை 'அமெரி.' என்று சுருக்கிப் புள்ளி வைத்துவிட்டார்கள். இன்று அதற்காகவே அது தனி வகை.

அங்கேயும் அச்சைக் கையால்தான் வெட்டினார்கள். அதனால் 1793 முதல் 1814 வரையுள்ள சென்ட்டுகளில் கிட்டத்தட்ட முந்நூறு உள்வகை. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியல் பேராசிரியர் 1949இல் அவற்றுக்கு எண் கொடுத்துப் புத்தகம் போட்டார். காசின் நிலையை 1 முதல் 70 வரை மதிப்பெண் போட்டுச் சொல்லும் முறையும் அவர் தொடங்கியதுதான். இன்று நம் ஊர் ஏலங்களிலும் அந்த எழுபது மதிப்பெண்தான் நடக்கிறது.

ஆனால் ஷெல்டன் 1977இல் இறந்த பிறகு ஒரு சேதி வெளியே வந்தது. நியூயார்க் நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, தம்மிடமிருந்த மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். அவ்வளவு படித்தவர். ஆசை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

எங்கள் சமண இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதங்கள். களவாமை அதில் ஒன்று. ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. 'ஏங்க நயினார், விரதத்தையும் சொல்றீங்க, காசும் சேர்க்கறீங்க, எப்படி?' என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். நியாயமான கேள்விதான். என் பதில் இது: உள்வகைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ஒரே வகையில் இரண்டாவது கிடைத்தால் பள்ளிப் பிள்ளைகள் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன். சேகரிப்புக்கு எல்லை போடத் தெரிந்தால் அது படிப்பு. எல்லை இல்லாவிட்டால் அது வெறும் பதுக்கல்.

1943: ஒரே யுத்தம், இரண்டு காசு

1943ஆம் ஆண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். உலக யுத்தம். தோட்டாவுக்கும் குண்டுக்கும் செம்பு வேண்டியிருந்தது. அமெரிக்கா அந்த ஒரு வருஷம் சென்ட்டைத் துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பில் அடித்தது. நூறு கோடிக்கும் மேல் வெளிவந்தது. தவறிப்போய்ப் பழைய வெண்கலத் தகட்டில் சில காசுகள் விழுந்துவிட்டன. அந்தச் சிலவற்றைத் தேடி அங்கே இன்றைக்கும் ஜனங்கள் டப்பா டப்பாவாகக் கொட்டிப் பார்க்கிறார்கள். இரும்புக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. காந்தத்தில் ஒட்டினால் போலி. அவ்வளவு சுலபம்.

அதே 1943இல் இங்கே என்ன செய்தார்கள்? காசின் நடுவில் ஓட்டை போட்டார்கள்! அதற்கு முன் காலணா 4.86 கிராம் வெண்கலம். ஓட்டைக் காலணா சுமார் 2 கிராம். பாதிக்கு மேல் உலோகம் மிச்சம். 1947 வரை இது வந்தது. நம்மவர்கள் 'ஓட்டைக் காலணா' என்றார்கள். மராட்டியர் 'போகாச்சா பைசா' என்றார்கள். இரண்டும் ஒரே அர்த்தம். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோத்தார்கள். நட்டு போல்ட்டுக்கு வாஷராகவும் போட்டார்கள். இதிலும் உள்வகை உண்டு. கிரீடம் உருண்டு இருக்கும், தட்டையாக இருக்கும், உயர்ந்தும் இருக்கும். ஆண்டு எண்ணும் எழுத்தும் சிலவற்றில் பெரிது, சிலவற்றில் சிறிது. பத்து ஓட்டைக் காலணாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் பிடிபட்டுவிடும்.

வீட்டில் எதைத் தேடலாம்

முதலில் 1911ஆம் ஆண்டுக் காலணா. ஐந்தாம் ஜார்ஜ் அரசரின் அங்கியில், மார்புப் பக்கம் சின்னதாக ஒரு யானை இருக்கும். அந்த ஆண்டு தும்பிக்கையைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள். பார்ப்பதற்குப் பன்றி போல இருந்தது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மனவருத்தம். 1912 முதல் தும்பிக்கையை நீட்டித் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்று வெள்ளியில்தான் பிரபலம். ஆனால் 1911 காலணாவிலும் தம்பிடியிலும் அதே உருவம் உண்டு. பூதக்கண்ணாடி போதும்.

அடுத்து நயா பைசா. 1957 முதல் 1962 வரை வெண்கலம். 1962லிருந்து நிக்கல் பித்தளை. 1965லிருந்து ஒரு பைசா சதுர அலுமினியம். ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி இருந்தால் பம்பாய், நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், ஒன்றுமில்லாவிட்டால் கல்கத்தா. ஹைதராபாத் காசுகளில் சில ஆண்டுகள் பிளந்த வைரமும், புள்ளி வைத்த வைரமும் வரும். ஆண்டு குறுக்கே, அக்கசாலை நெடுக்கே என்று நோட்டில் கட்டம் போட்டுக் கொடுங்கள். கோடை விடுமுறை போவதே தெரியாது.

சிவராயியைப் பார்க்க வேண்டுமானால் புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாருக்குப் போகலாம். ஆனால் அங்கே வாங்குமுன் நல்லதைப் பார்த்துக் கண் பழக வேண்டும். 1910இல் தொடங்கிய பாரத் இதிகாஸ் சம்ஷோதக் மண்டல் நம் ஊரிலேயே இருக்கிறது. கேள்கர் அருங்காட்சியகமும் உண்டு. கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளிக்குப் போனால் செம்பைச் சுத்தியால் தட்டும் சத்தம் கேட்கலாம். காசு எப்படிப் பிறந்தது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. போலிக் காசு பெரும்பாலும் வார்ப்பு. விளிம்பில் ஒட்டுக் கோடு தெரியும், மேலே ஊசிக்குத்துப் போல நுண்துளைகள் இருக்கும், எடை பொருந்தாது. ஒரு சிறு எடைத் தராசும் பத்து மடங்கு லென்ஸும் இருந்தால் போதும்.

செய்யக் கூடாதவை

ஒன்று, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெண்கள் அக்கறையாகக் குத்துவிளக்கோடு காசையும் பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். விளக்குக்கு அது அழகு. காசுக்கு அது மரணம். பழுப்பாகப் படிந்திருக்கும் மேல்பூச்சுதான் செம்பைக் காப்பது. தேய்த்தால் அதுவும் போகும், எழுத்தின் விளிம்பும் போகும். மண் ஒட்டியிருந்தால் வாலை வடிநீரில் ஊறவிட்டு, மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும். புனே மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் காகித உறையில் போட்டு, டப்பாவில் சிலிகா ஜெல் வையுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறை பச்சை பிடிக்கச் செய்யும்.

இரண்டு, 'பழைய காசுக்குப் பத்து லட்சம்' என்று செல்பேசியில் வருவதை நம்பாதீர்கள். முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்பார்கள். ரிசர்வ் வங்கியே தன் பெயரைச் சொல்லி இப்படி மோசடி நடப்பதாக 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. சாதாரணக் காலணா சாதாரண விலைதான் போகும்.

மூன்று, சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் பாசமாக அனுப்பிவிட முடியாது. மண்ணைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு 1878லிருந்தே சட்டம் உண்டு.

முடிவாக

அமெரிக்காவில் புழக்கத்துக்கான ஒரு சென்ட் அடிப்பதை 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் நிறுத்திவிட்டார்கள். 232 வருஷத்துக் காசு முடிந்தது. நம் ஒரு பைசா அதற்கு முன்பே போய்விட்டது. சிவராயி அதற்கும் முன்னே போனது. சிவராயியை எண்ணிப் பார்க்க அபட் இருந்தார். நம் வீட்டு டப்பாவிலுள்ள காசுகளை எண்ணிப் பார்க்க நம்மைத் தவிர யாரும் வரப் போவதில்லை.

ஆகவே ஒரு நோட்டு எடுங்கள். காசு எந்த ஆண்டு, என்ன எடை, என்ன குறி, யார் மூலம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். 'வந்தவாசி, அம்மாயி சுருக்குப்பை' என்று எழுதினால் போதும். காசை எந்தக் கடையிலும் வாங்கலாம். அந்த வரியை வாங்க முடியாது. அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

மராத்தியில் காசுக்கு 'நாணே' என்று பெயர். நாம் 'நாணயம்' என்கிறோம். தமிழில் அந்தச் சொல்லுக்கு நேர்மை என்றும் ஒரு பொருள் சேர்ந்திருக்கிறது. வியாபாரியான எனக்கு அதில் ஒரு பெருமை. சேகரிப்பவருக்கும் அதுவே விதி: உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்கள்.